அகத்தைத் துருவும் உரிமை

பாட்டுக்குப் பொருள் காண்பது ஒன்று. பாடியவனுக்குப் பொருள் காண்பது வேறொன்று. முன்னது உரையாசிரியர்களின் பணி. இளம்பூரணர் தொடங்கி அடியார்க்குநல்லார், நச்சினார்க்கினியர் வரை அதற்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. பின்னதை இலக்கிய ஆய்வின் ஒரு துறையாகவே ஆக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856-1939). மனிதன் தன் மனம் என்று அறிந்திருப்பது அதன் சிறு பகுதியே. அவன் அறியாத பெரும்பகுதி ஒன்று அடியில் கிடக்கிறது. வெளியே சொல்லத் தகாதவை என்று குழந்தைப் பருவம் முதல் அமுக்கப்பட்ட விருப்பங்கள் அங்கே அழியாதிருந்து, கனவாகவும் வாய்தவறிய சொல்லாகவும் நோயாகவும் வேடம் மாற்றிக்கொண்டு வெளிவருகின்றன என்பது அவர் கொள்கையின் சாரம். கனவுகளின் விளக்கம் பற்றிய அவரது பெருநூல் 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அந்நூலிலேயே சோபாக்ளிசின் ஈடிபஸ் நாடகத்தையும் சேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் அவர் எடுத்துப் பேசினார். 1908-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கவிஞனைப் பகற்கனவு காண்பவனோடு ஒப்பிட்டார். அதன் பின்னர், மருத்துவர் அறையின் சாய்மஞ்சத்தில் நோயாளி கிடந்த இடத்தில் காவியமும் கவிஞனும் கிடத்தப்படலாயினர்.

மலேசியத் தமிழாசிரியர்களுக்குப் பிராய்டின் பெயர் இலக்கிய வகுப்பின் வழியாக வந்ததைக் காட்டிலும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கல்வி உளவியல் பாடத்தின் வழியாகவே பெரிதும் வந்தது எனலாம். நனவிலி மனம், அமுக்கம், ஈடுகட்டல் முதலிய சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பணியேற்கச் சென்றபோது அச்சொற்களையும் உடன் கொண்டு சென்றனர். செய்யுள் நடத்தும்போதும், மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்தும்போதும் அவை நாவின் நுனியில் வந்து நிற்கும். ஆதலால், பிறர் அகத்தைத் துருவிப் பார்க்கும் உரிமை படிப்பவனுக்கு எதனால் வருகிறது, அவ்வுரிமை எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்னும் வினா பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று.

முதலில், அக்கோட்பாடு நன்கு பயன்படும் இடம் ஒன்றைக் காண்பதே நேர்மை. சிலப்பதிகாரத்தில் மூன்று கனவுகள் வருகின்றன. கண்ணகி கண்டது ஒன்று. கோவலன் கண்டது ஒன்று. பாண்டிமாதேவி கண்டது ஒன்று. மூன்றும் வரவிருக்கும் கேட்டை முன்னறிவிப்பவை என்பதே மரபுவழிப்பட்ட உரை. அதில் பிழையில்லை. கதையின் கட்டுக்கோப்பு அக்கனவுகளை அவ்வாறே பயன்படுத்துகிறது. ஆயினும் கனாத்திறமுரைத்த காதையில், கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கனவைச் சொல்லும் முறையைச் சற்றே நின்று நோக்க வேண்டும். கணவன் தன் கையைப் பற்றிச் செல்கிறான். இருவரும் ஒரு பெரிய ஊருக்குள் புகுகின்றனர். ஊரார் தகாத பழியொன்றை ஏற்றுகின்றனர். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததென்று கேட்டுக் காவலன் முன் அவள் வழக்குரைக்கிறாள். காவலனுக்கும் ஊருக்கும் ஒரு கேடு விளைகிறது. அந்தக் கேடு இன்னதென்று சொல்லமாட்டேன் என்று அவ்விடத்தில் நிறுத்துகிறாள். பின்பு, இத்தனைக்கும் முடிவில் கணவனோடு தான் அடைந்த நற்பேற்றைக் கேட்டால் உனக்கு நகைப்பு வரும் என்று கூறி, அதையும் சொல்லாமல் விடுகிறாள்.

கனவைச் சொல்பவர் எவ்விடத்தில் தயங்குகிறாரோ அவ்விடத்தில் தோண்டு என்பது பிராய்டு தம் மாணவர்க்குக் கற்பித்த பாடம். கண்ணகி இருமுறை தயங்குகிறாள். ஒன்று அழிவைச் சொல்ல. மற்றொன்று இன்பத்தைச் சொல்ல. கனவின் தொடக்கம் கணவன் கைப்பற்றியது. அதன் முடிவு அவனோடு கூடிய நற்பேறு. இடையில் உள்ளவை அனைத்தும் பழியும் இழப்பும் எரியும். அவள் இதைச் சொல்லும் வேளையில் கோவலன் இல்லத்தில் இல்லாது கழிந்த காலம் நெடிது. மாதவி மனையில் இருக்கும் ஒருவன் தன் கையைப் பற்றுவதும், தன்னோடு கூடி நற்பேறு எய்துவதும் அக்காலத்துக் கண்ணகிக்கு நகைப்புக்கிடமான ஆசைகளே. நகைப்பு வரும் என்று அவள் அஞ்சியதற்குக் காரணம் இதுவாகலாம். தொடர்ந்து தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் ஆகிய பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் பிரிந்த கணவனைக் கூடலாம் என்கிறாள். அது தனக்குப் பெருமையாகாது என்று கண்ணகி மறுக்கிறாள். தெய்வத்திடமும் வாய்திறந்து கேட்க மாட்டாத ஒன்றை, உலகமே எரிந்தாலும் வேண்டும் என்று உறக்கத்தில் கேட்டவள் அவள். இவ்வாறு படித்தால், மறுத்த மறுகணமே வாயிலில் கோவலன் வந்து நிற்பது தரும் நடுக்கம் முன்னினும் மிகுகிறது.

இளங்கோவடிகள் இதையெல்லாம் எண்ணித்தான் அமைத்தாரா என்று மாணவர் கேட்பர். அதற்கு விடை தேட வேண்டியதில்லை. கைப்பற்றியதும், சொல்லாமல் விட்டதும், நகைப்பும், மறுப்பும் நூலில் சொற்களாக உள்ளன. இந்த உரையை மறுக்க விரும்பும் மாணவன் அதே சொற்களைக் கொண்டு மறுக்கலாம். நற்பேறு என்றது மதுரை எரிந்தபின் வானவூர்தியில் கணவனோடு விண்ணேறியதையே என்று அவன் வாதிடலாம். அதுவும் வலுவான உரையே. வழக்குக்கு வேண்டிய சான்றுகள் அனைத்தும் இருவர் கையிலும் சமமாக இருக்கின்றன. இந்த ஆராய்ச்சியால் இழிவு அடைபவர் ஒருவரும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு, பிராய்டுக்கு முன்பே தொல்காப்பியர் நனவிலி மனத்தைக் கண்டறிந்துவிட்டார் என்று மேடையில் முழங்குவோரும் உளர். அவர்கள் சான்றாகக் காட்டுவன உள்ளுறையும் இறைச்சியும். இது வீண்பெருமை. உள்ளுறையில் தலைவி எருமையையும் தாமரையையும் பேசித் தன் கணவனின் பரத்தைமையைச் சுட்டும்போது, தான் மறைப்பது இன்னதென்று அவள் அறிவாள், தோழி அறிவாள், கற்றுத் துறைபோய கேட்போரும் அறிவர். அது நாகரிகம் கருதிய மறைப்பு. பிராய்டு கூறியதோ, மறைப்பவனே அறியாத மறைப்பு. இரண்டும் வேறு வேறு. தொல்காப்பியத்திலிருந்து இவ்வாராய்ச்சிக்குக் கிடைப்பது வேறொன்று. அது பின்னர் வரும்.

கண்ணகியின் கனவுக்கு இசைந்த முறை, கனவைக் கண்ட கவிஞனை நோக்கித் திரும்பும்போது இடர்ப்படுகிறது. காரணம் அம்முறையின் உள்ளேயே இருக்கிறது. பிராய்டு தம் நோயாளியின் கனவுக்குத் தாமே பொருள் கூறிவிடவில்லை. கனவில் வந்த ஒவ்வொரு பொருளைக் குறித்தும் நோயாளியின் நினைவில் அடுத்தடுத்து எழுவன எவை என்று கேட்டார். அவ்வாறு தொடர்ந்து வரும் நினைவுகளே கனவின் திறவுகோல் என்றார். நோயாளி மறுக்கலாம், சினக்கலாம், டோரா என்று அவர் பெயரிட்டு எழுதிய இளம்பெண்ணைப் போல நடுவிலேயே மருத்துவத்தை விட்டு எழுந்து போகலாம். இறந்துபோன கவிஞனிடம் இவற்றுள் ஒன்றும் இயலாது. உவமையைக் கண்டு அவன் நினைவில் எழுந்தது எது என்று கேட்க வழியில்லை. ஆகவே ஆய்வாளர் தம் நினைவில் எழுவதை அவ்விடத்தில் வைத்து நிரப்புகிறார். பின்னர் அதைக் கவிஞனின் நனவிலி மனம் என்று பெயரிடுகிறார்.

இதற்குச் சான்று பிராய்டே. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சியைக் குறித்து 1910-இல் அவர் ஒரு சிறுநூல் எழுதினார். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து தன் வாயை வாலால் திறந்ததாக ஓவியர் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். ஜெர்மானிய மொழிபெயர்ப்பில் அப்பறவை பிணந்தின்னிக் கழுகு என்று இருந்தது. எகிப்தியரின் தாய்த்தெய்வமான முட் அக்கழுகின் தலையோடு காட்டப்படுவதையும், அத்தெய்வத்தின் பெயர் ஜெர்மன் மொழியில் தாயைக் குறிக்கும் முட்டர் என்னும் சொல்லோடு ஒலியால் நெருங்குவதையும், அக்கழுகில் ஆணே இல்லை என்ற பழங்கதையையும் அடுக்கி, தந்தையின்றித் தாயிடம் வளர்ந்த குழந்தையின் ஏக்கமே அந்நினைவு என்று பிராய்டு நிறுவினார். மாளிகை அழகாகத்தான் எழுந்தது. ஆனால் ஓவியர் எழுதிய இத்தாலியச் சொல் நிப்பியோ; அது கழுகு அன்று, பருந்து. இப்பிழை 1923-இல் எடுத்துக் காட்டப்பட்டது. எகிப்தியத் தெய்வத்தின் மீது கட்டிய சுவர்கள் அத்தோடு சாய்ந்தன.

பாடம் சரிபார்த்தபின் பொருள் என்பது தமிழாசிரியர்க்குப் புதிய செய்தியன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இலும் சிலப்பதிகாரத்தை 1892-இலும் அச்சேற்றுமுன் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்ததை ஒவ்வோர் ஆசிரியரும் மாணவர்க்குச் சொல்லி வருகின்றனர். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று அஞ்சிய அந்த அச்சம், உளப்பகுப்பாய்வு செய்வோரிடம் ஏன் இல்லாமற் போகிறது? கண்டுபிடித்த இரகசியம் கவர்ச்சியுடையதாக இருப்பதே காரணம் போலும். இதையும் சொல்ல வேண்டும்: படைப்பாளி என்னும் புதிரின் முன் பகுப்பாய்வு தன் கருவிகளைக் கீழே வைக்க வேண்டியதே என்று, தாஸ்தயெவ்ஸ்கியைப் பற்றி 1928-இல் எழுதிய கட்டுரையில் பிராய்டே ஒப்புக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்களில் பலர் அவ்வளவு அடக்கம் காட்டவில்லை.

இனித் தொல்காப்பியத்துக்கு வரலாம். அன்பின் ஐந்திணையாகிய அகத்தைப் பாடும்போது தலைவன் தலைவியர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது அகத்திணையியல் வகுத்த விதி. பெயர் வந்துவிட்டால் பாட்டு அகத்திலிருந்து புறத்துக்குப் போய்விடும். மருதத்து வயல் எவ்வளவு தெளிவாகக் காட்டப்பட்டாலும், ஊடியவள் எந்த ஊரில் எவர் மகள் என்று சொல்லப்படுவதில்லை. இது வெறும் இலக்கணக் கட்டளை அன்று. மனத்தின் உள்ளறையில் நிகழ்வதைப் பேச வேண்டுமானால், அது எவருடையது என்பதை விட்டுவிட வேண்டும் என்னும் அறவுணர்வு அதில் அடங்கியிருக்கிறது. பெயரை விட்டுவிட்டதால் அகப்பாட்டில் உண்மை குறைந்ததில்லை. கூடியது என்றே சொல்லவேண்டும். கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய குறுந்தொகைப் பாட்டில், கணவனைத் தழுவியதாகக் கனவு கண்டு விழித்துப் படுக்கையைத் தடவிப் பார்க்கும் பெண்ணை ஆயிரக்கணக்கான பெண்கள் தம்மிடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது அவளுக்குப் பெயர் இல்லாமையால்தான். வியன்னா மருத்துவரும் தம் அறைக்குள் இவ்விதியைக் காத்தார் என்பது வியப்பு. டோரா என்பது அப்பெண்ணின் உண்மைப் பெயரன்று. நோயாளிகளின் பெயரை மாற்றியே அவர் வெளியிட்டார். ஓவியரையும் நாவலாசிரியரையும் எழுதும்போது மட்டும் அவ்விதி கைவிடப்பட்டது. புகழ் பெற்றவனுக்கு அகம் இல்லை என்று எவர் சொன்னது?

பெயரை விட்டுக் கதையை மட்டும் ஆராய்ந்தால் எத்துணைப் பயன் கிடைக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய மருத்துவர் கிரீந்திரசேகர போஸ், பிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். தந்தை தன்னை ஊனப்படுத்துவான் என்று மகன் கொள்ளும் அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் காணப்படும் அளவுக்குத் தம் இந்திய நோயாளிகளிடம் வெளிப்படவில்லை என்று அவர் பிராய்டுக்கே எழுதினார். வியன்னா அதைப் பெரிதாகக் கருதவில்லை. பின்னர், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சிக்காகோவில் பேராசிரியராக இருந்த ஏ.கே. இராமானுஜன், 1983-இல் விரிவான வடிவில் வெளிவந்த இந்திய ஈடிபஸ் பற்றிய கட்டுரையில் வேறொரு கோணத்தைக் காட்டினார். கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான். இந்தியக் கதைகளிலோ பெரும்பாலும் தந்தைக்காக மகன் தன்னை இழக்கிறான். யயாதிக்குத் தன் இளமையைக் கொடுத்த பூருவும், சந்தனுவின் திருமணத்துக்காகத் தன் இல்வாழ்வைத் துறந்த பீஷ்மனும் இதற்கு எடுத்துக்காட்டு. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றை இவ்வரிசையில் வைத்துப் பார்ப்பவர்க்கு உடல் சிலிர்க்கும். அதே கட்டுரையில் இராமானுஜன், மகனையே மணக்க நேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய கன்னட நாட்டார் கதையையும் எடுத்தாள்கிறார். அதில் கதையின் நடுவே நிற்பவன் மகனல்லன், தாய். தான் பெற்ற குழந்தையைத் தாலாட்டும்போது, அவன் தனக்கு எத்தனை முறையில் உறவாகிறான் என்று அவள் எண்ணிப் பாடுகிறாள். பெண்கள் சொல்லும் கதையில் அதே துயரம் வேறொருவர் கண்ணால் பார்க்கப்படுகிறது என்பதே அவர் கண்டது. கதை சொன்ன பெண் இத்தகையவள் என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை.

இந்தக் கோணம் தமிழ் நாவல் ஒன்றைத் திறக்கிறது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு பலரும் அறிந்தது. காவிரிக்கரையில் வேதபாடசாலையில் வளர்ந்த அப்பு, தன்னை விரும்பும் இளம் விதவையான இந்துவை விலக்கிவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறான். அங்கே தன் தாய் அலங்காரத்தம்மாளுக்கும் சிவசு என்பவனுக்கும் உள்ள உறவை அறிகிறான். தந்தை தண்டபாணி யாவும் அறிந்தும் அறியாதார்போல் இருக்கிறார். வாய்பாடாகப் பிராய்டைக் கற்ற மாணவன் உடனே ஈடிபஸ் சிக்கல் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். ஆனால் அந்த வாய்பாடு நாவலின் பாதியைத்தான் விளக்கும். அப்புவை வேதம் ஓத அனுப்பியது அவன் விருப்பமன்று, தந்தையின் ஆணையுமன்று, தாயின் தேவை. தன் குற்றத்தைச் சுட்டெரிக்கும் நெருப்பாக ஒரு மகன் வளரவேண்டும் என்று அவள் வேண்டினாள். மகன்மேல் தாய் ஏற்றிவைத்த அந்தச் சுமையே நாவலின் முதுகெலும்பு. அப்பு அச்சுமையை இறக்கி வைத்து, இந்துவோடு வாழ முற்படும்போது, தாய்க்குக் காசியைத் தவிரப் போக்கிடம் இல்லாமற் போகிறது. இராமானுஜன் கன்னடக் கதையில் கண்டதுபோலவே, இங்கும் தாயின் கண்ணிலிருந்து பார்த்தால்தான் கதை முழுதாகத் தெரிகிறது. இதுவரை வந்தது உரை. இதற்கு மேலும் சென்று, எழுதியவர் வாழ்வில் யாரோ ஓர் அலங்காரத்தம்மாள் இருந்திருக்க வேண்டும் என்று தேடப் புறப்படுவது உரையாகாது; அது அண்டைவீட்டுச் சன்னல். திறனாய்வு என்ற பெயரில் அச்சன்னலருகே நிற்போர் தமிழுலகில் குறைவில்லை.

எழுதியவரை விட்டுவிட்டாலும் மற்றோர் இடர் எஞ்சுகிறது. எவருடைய மனம் ஆராயத் தக்கது என்று முடிவு செய்பவர் யார்? இவ்வினாவைக் கேட்கக் கோலசிலாங்கூர் வட்டாரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தஞ்சோங் காராங்குக்குத் தெற்கே கடலில் கலக்கும் சிலாங்கூர் ஆற்றின் பக்கத்தில், ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்து வாழ்ந்தவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயாவுக்கு வந்தவர். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அவர் முயற்சியால் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் உருவாயிற்று. (தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டம் செம்பனைக்குத் தாய்வீடானது ஒரு வேடிக்கை.) அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் ஸ்மாயில் என்னும் மலாய் இளைஞன் அமோக் கொண்டு ஓடுவது கதையின் உச்சம். அமோக் என்ற அம்மலாய்ச் சொல் காலனித்துவ மருத்துவர்களின் ஏடுகளில் புகுந்தது. 1994-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்க் கையேட்டில், குறிப்பிட்ட பண்பாடுகளுக்கே உரிய நோய்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

நாவலின் நடுவே நிற்பவர் இரு பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள். அவர்களுடைய தனிமையும் தேடலும் ஏடு ஏடாக அகழப்படுகின்றன. ஸ்மாயிலுக்கு ஒரு நோய் கிடைக்கிறது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, அத்தோட்டக்காரர்களின் தனிமைக்கு வேண்டிய செல்வத்தைத் தேடித் தந்த தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய அகம் கிடைக்கவில்லை. உளப்பகுப்பாய்வைப் பயன்படுத்தத் தக்க இடம் இதுவே. நாவல் எதைப் பேசுகிறது என்பதோடு, எதைக் கண்டும் காணாமற் செல்கிறது என்று கேட்பது. கனவு சொல்பவன் தயங்கும் இடத்தில் தோண்டுவதுபோல, வருணனை திடீரென வேகமெடுக்கும் இடத்தில் நின்று பார்ப்பது. இங்கே துருவப்படுவது அந்தத் தனி மனிதரின் இரகசியமன்று. ஒரு காலத்து ஆட்சிமுறை தன்னிடமிருந்தே மறைத்துக்கொண்டது எது என்பதே.

அதே தோட்டங்களின் மறுபக்கத்து மௌனம் ஒன்றும் உண்டு. 1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. அத்துயரம் சிறுகதைகளிலும் வாய்மொழியிலும் ஆங்காங்கே தலைகாட்டினாலும், அதை முழு நாவலாகப் பேச மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கு ஏறத்தாழ அரைநூற்றாண்டு ஆயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை அவ்வரிசையில் வந்தவை. உளப்பகுப்பாய்வு கற்றவர் இதற்கு உடனே விடை வைத்திருப்பார். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்கள் அதே கொடுங்காட்சியை மீண்டும் மீண்டும் கனவில் கண்டதைப் பிராய்டு 1920-இல் எழுதினார். பொறுக்க முடியாத துயரத்தை மனம் அமுக்கி வைக்கிறது. காலம் கழித்தே அது சொல்லாகிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் அந்த மௌனம் மனத்தினுடையதா, அச்சினுடையதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். திரும்பி வந்தவர் பலர் எழுதப் படிக்க அறியாதவர். வாய்திறந்து கூறியவர்க்குக் காது கொடுத்தவர் லயத்து அண்டைவீட்டார் மட்டுமே. கூலி பாக்கியைக் கேட்க வழியில்லாதவர் கதை கேட்க ஆள் தேடியிருக்க முடியுமா? சொன்னதை எழுதிக்கொள்ள எவரும் வராமற்போனதை, சொல்லாமல் அமுக்கினர் என்று எழுதிவிட்டால், கேளாதவர்களின் குற்றம் துன்பப்பட்டவர்களின் நோயாக மாறிவிடும்.

இவ்வகை மாற்றம் அக்கோட்பாட்டின் வரலாற்றிலேயே ஒருமுறை நிகழ்ந்திருக்கிறது. தொடக்கத்தில் பிராய்டு, தம்மிடம் வந்த பெண்கள் குழந்தைப் பருவத்தில் தமக்குப் பெரியவர்களால் இழைக்கப்பட்டதாக உணர்த்திய கொடுமைகளை உண்மையென்றே கொண்டார். 1897-இல் அக்கருத்திலிருந்து விலகினார். அவற்றுள் பல நடந்தவை அல்ல, அடிமன ஆசையின் கற்பனைகள் என்ற கொள்கைக்குச் சென்றார். அதிலிருந்துதான் ஈடிபஸ் சிக்கல் என்னும் கோட்பாடே வளர்ந்தது. அவர் செய்தது சரியா என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் வழக்காடியது. இலக்கிய ஆசிரியருக்கு அதிலிருந்து தெரிய வேண்டுவது ஒன்று: ஆழ்ந்த பொருள் காணும் ஆர்வத்தில், மேற்பரப்பில் வெளிப்படையாகக் கிடக்கும் உண்மை தள்ளப்பட்டுவிடக்கூடும்.

'என் அம்மா' என்று தலைப்புக் கொடுத்தால் ஒரு மாணவன் மூன்று பக்கம் எழுதுகிறான். வீடு வருகிறது, பாட்டி வருகிறார், நாய்க்குட்டியும் வருகிறது. அம்மா கடைசி வரியில்தான் வருகிறார். கல்வி உளவியல் கற்ற ஆசிரியருக்கு இதைக் கண்டதும் நெஞ்சம் துள்ளும். தாய்மேல் வெறுப்பு, அமுக்கம், இடப்பெயர்வு என்று சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். தோட்டத்து வாழ்வை அறிந்தவருக்கு வேறொரு விடையும் தெரியும். அம்மா பால்வெட்டுக்கு விடியுமுன் போய்விடுகிறார். அல்லது இக்காலத்தில் தொழிற்சாலைப் பேருந்து இருளிலேயே வந்து ஏற்றிச் செல்கிறது. அவர் திரும்பும்போது நாளின் கடைசி வரி ஆகிவிடுகிறது. கட்டுரை நாளை உள்ளபடியே எழுதியிருக்கிறது. இன்னொரு கட்டுரையில், மாமா வரும் நாள்களில் தனக்கு வயிற்றுவலி வரும் என்று ஒரு மாணவி ஒரே வரியில் எழுதிவிட்டு, கோயில் திருவிழாவுக்குப் போய்விடுகிறாள். அந்த வரியை உருவகம் என்று பாராட்டுவதும், கற்பனை என்று தள்ளுவதும், சந்திப்பிழையை மட்டும் திருத்தி ஏட்டை மூடுவதும் ஒரே அளவு குற்றமுடையன. அவளிடம் கேட்க வேண்டும். ஆசிரியர் அறையில் அவள் பெயரைச் சொல்லி ஆராய்வதற்கு முன்னரே கேட்க வேண்டும். இறந்த கவிஞனிடம் கேட்க முடியாத வினாவை இவளிடம் கேட்க முடியும் என்பதே வேறுபாடு. அதை வகுப்பின் நடுவே கேட்பதா, மணியடித்தபின் ஒரு பெண்ணாசிரியரைக் கொண்டு தாழ்வாரத்தில் மெல்லக் கேட்பதா என்பதை, சிவப்பு மையை எடுப்பதற்கு முன் முடிவு செய்துகொள்ள வேண்டும்.